பிளக் மாட்டக் கற்றுக்கொண்ட தேசம்

பிரிட்டனில் 1994 வரை ஒரு பழக்கம் இருந்தது. கடையில் கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ வாங்கினால் வயரின் முனையில் பெரும்பாலும் பிளக் இருக்காது. தோல் சீவிய மூன்று கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கைத் தனியாக வாங்கி, திருப்புளியால் திறந்து, எந்தக் கம்பி எந்த முள்ளுக்கு என்று பார்த்து முடுக்குவது வீட்டுக்காரரின் வேலை. பிளக் பொருத்தித்தான் விற்க வேண்டும் என்று 1994-இல் வந்த பாதுகாப்பு விதிகள்தாம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. அதுவரை சுமார் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு நாட்டின் சாதாரண மக்கள், ஆசிரியைகள், தபால்காரர்கள், பாட்டிமார்கள் எல்லாரும், தங்கள் வீட்டு மின்சாரத்தின் ஒரு சிறு பகுதியைத் தாங்களே கைப்படச் செய்துவந்தார்கள். இதை அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வீட்டு வயரிங்கும் கணப்பும் சுவர் டைல்ஸும் கைவினைஞர்களின் ரகசியமாக இருந்த நிலை மாறி, வீட்டில் இருப்பவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமாக ஆன வரலாறு அது.

மின்சாரம் முதலில் வீட்டுக்குள் வந்தபோது அறிவுரை சொல்ல யாருமே இல்லை. நார்தம்பர்லாந்தில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் தன் கிராக்சைட் மாளிகையில் 1878-இல் நீர்விசையால் ஆர்க் விளக்கு எரியவிட்டார். இரண்டே ஆண்டில் ஜோசப் ஸ்வானின் குமிழ் விளக்குகளும் அங்கே வந்துவிட்டன. பின்னாளில் பிரதமரான சாலிஸ்பரி பிரபுவின் ஹாட்ஃபீல்டு மாளிகையிலும் அதே வேகம்தான். ஆனால் அங்கே உறையில்லாத கம்பிகள் கூரையடியில் ஓடின. ஒருமுறை மரப்பலகை தீப்பிடித்தபோது கீழே உட்கார்ந்திருந்த குடும்பத்தார் மெத்தைத் திண்டுகளை வீசி அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்ததாக, பிரபுவின் மகள் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்தத் தோட்டத்தில் 1881-இல் வேலையாள் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தும் போனார். பிரபு வீட்டுக்கு அது ஒரு பேச்சுச் சுவாரசியம். தோட்டத்தில் வேலை பார்த்தவருக்கு உயிர் போயிற்று. மின்சாரத்தின் முதல் ஆண்டுகளில் ஆபத்து இப்படித்தான் பங்கிடப்பட்டது.

முதலில் விழித்துக்கொண்டவை தீக்காப்பீட்டு நிறுவனங்கள். நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே! 1882-இல் தந்திப் பொறியாளர்கள், மின் பொறியாளர்கள் சங்கமும் தீ விபத்தைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. நாலே பக்கம். இன்று பிரிட்டனின் எந்த எலக்ட்ரீஷியனும் கையில் வைத்திருக்கும் வயரிங் விதித்தொகுப்பின் முதல் பதிப்பு அதுதான். 2018-இல் வந்த பதினெட்டாம் பதிப்பு பல நூறு பக்கம் கொண்டது. ஆனால் அந்த விதிகள் தொழில்காரர்களுக்கானவை. வீட்டில் ஸ்விட்சைத் தட்டுகிறவரிடம் அவை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் பிரிட்டனில் நூற்றுக்குச் சுமார் ஆறு வீடுகளில்தான் மின்சாரம். 1926-இல் சட்டம் இயற்றி நாடு தழுவிய மின்தொகுப்பைக் கட்டத் தொடங்கினார்கள். 1930களின் இறுதிக்குள் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குக் கம்பி வந்துவிட்டது. இருபது ஆண்டில் ஒரு நாடே புது நெருப்போடு வாழப் பழக வேண்டியிருந்தது. அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது, தொட்டபிறகுதான் தெரியும்.

இந்த இடத்தில் வருகிறார் கரோலின் ஹாஸ்லெட். சசெக்ஸில் 1895-இல் பிறந்தவர். பாய்லர் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் எழுத்து வேலைக்குப் போய், அங்கேயே பொறியியல் கற்றுக்கொண்டு, 1919-இல் பெண் பொறியாளர்கள் சங்கத்தின் செயலாளரானவர். 1924-இல் பெண்களுக்கான மின்சாரச் சங்கம் உருவானபோது அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருடைய நம்பிக்கை எளிமையானது. நிலக்கரி அள்ளுவது, சாம்பல் வாருவது, புகையேறிய திரைச்சீலைகளைத் துவைப்பது என்று பெண்ணின் முதுகை ஒடித்த வேலைகளை மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அந்தப் பெண் மின்சாரத்துக்குப் பயப்படக் கூடாது. பயம் போக வேண்டுமென்றால் புரிய வேண்டும்.

சங்கம் செய்த வேலைகளைப் பார்த்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. பத்திரிகை நடத்தியது. ஊர் ஊராகக் கிளைகள் வைத்து வகுப்பு எடுத்தது. செயல்விளக்கம் தரும் பெண்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்தது. 1934-இல் பெண்களுக்கான மின்சாரக் கைநூல் ஒன்றை வெளியிட்டது. வோல்ட், ஆம்பியர், வாட் என்றால் என்ன, மீட்டரை எப்படிப் படிப்பது, ஃபியூஸ் ஏன் போகிறது என்பதெல்லாம் அதில் இருந்தன. மறு ஆண்டு பிரிஸ்டலில் முழுக்க மின்சாரத்திலேயே இயங்கும் வீடொன்றைக் கட்டி, ஸ்விட்சும் பிளக் பாயின்ட்டும் எங்கெங்கே இருந்தால் வசதி என்பதைப் பொதுமக்கள் வந்து பார்க்கும்படி திறந்துவைத்தது. பிற்காலத்தில் ஃபியூஸ் கம்பி மாற்றுவதையும் பிளக் மாட்டுவதையும் படம் போட்டு அடுக்களைத் துண்டுகளிலேயே அச்சடித்து விற்றது. தேவைப்படும் நேரத்தில் புத்தகத்தைத் தேடி ஓட முடியாது, துண்டு பக்கத்திலேயே தொங்கும் என்று யோசித்தவர்கள் வீட்டு வேலையை அறிந்தவர்கள்.

இதில் ஒன்றை மறைக்கத் தேவையில்லை. சங்கத்துக்கு மின்சாரத் தொழில்துறையின் ஆதரவு இருந்தது. அதனால் சமையலுக்கும் குளிர் காய்வதற்கும் எரிவாயு மேலா மின்சாரம் மேலா என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும் என்பது முன்கூட்டியே தெரியும். எரிவாயுத் துறையும் சும்மா இருக்கவில்லை. 1935-இல் பெண்களுக்கென ஓர் எரிவாயு மன்றம் வந்தது. அறிவுரையும் விற்பனையும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த காலம் அது. ஆனாலும் ஹாஸ்லெட்டின் சங்கம் கற்பித்தவை விற்பனையைத் தாண்டி நின்றன. மீட்டர் படிக்கத் தெரிந்த பெண்ணை எந்த விற்பனையாளரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

அந்தக் காலத்து வீடுகளில் பிளக் பாயின்ட் என்பது ஒரே குழப்பம். 2 ஆம்பியர், 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று மூன்று அளவு. இரண்டு முள், மூன்று முள் என்று இரண்டு வகை. விளக்குக்கு ஒரு கட்டணம், மற்றவற்றுக்கு ஒரு கட்டணம் என்று தனி மீட்டர்கள். விளக்கு ஹோல்டரிலிருந்து வயர் இழுத்து இஸ்திரி போடுவது சர்வசாதாரணம். அந்த இணைப்புக்கு எர்த் கிடையாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோனால் எல்லாப் பிளக்கையும் கழற்றி மாற்ற வேண்டும். சாதனங்களைப் பிளக் இல்லாமல் விற்றதற்குக் காரணமும் இதுதான். எந்தப் பிளக்கை வைத்துக் கொடுப்பது?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-இல், போருக்குப் பிறகு கட்டப்போகும் வீடுகளுக்கு வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய இருபது பேர் கொண்ட குழு அமைந்தது. அதில் ஒரே பெண் ஹாஸ்லெட். குழுவின் அறிக்கை 1944-இல் வந்தது. இரண்டு புதுமைகளை அது முன்வைத்தது. ஒன்று, செம்பு தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் வளைய வயரிங். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்காமல், ஒரே வயர் எல்லாப் பாயின்ட்களையும் தொட்டுச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். மின்சாரம் இரண்டு பக்கமும் பிரிந்து வருவதால் மெல்லிய கம்பியே போதும். இரண்டாவது, வீடு முழுக்க ஒரே அளவிலான 13 ஆம்பியர் சாக்கெட். வளையத்தின் பொது ஃபியூஸ் 30 ஆம்பியர் என்பதால் சிறு விளக்கின் மெல்லிய வயரை அது காப்பாற்றாது. ஆகவே பிளக்குக்குள்ளேயே தனி ஃபியூஸ். சிறு பிள்ளைகள் விரலையோ ஊசியையோ விட்டுவிடாமல் இருக்கச் சாக்கெட்டின் துளைகளுக்கு உள்ளே மூடி. நீளமான எர்த் முள் முதலில் நுழைந்தால்தான் அந்த மூடி விலகும்.

1947-இல் அது பிரிட்டிஷ் தரமாக வெளிவந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர் வீடுகளில் இருக்கும் சதுர முள் பிளக் அதுதான். இலங்கையும் 2016-இல் அதையே நாட்டின் ஒரே தரமாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவோ அதற்கு முந்தைய உருண்டை முள் தரத்திலேயே தங்கிவிட்டது. நம் வீட்டுச் சுவர்களில் சின்னது ஒன்று, ஏசிக்கும் கீசருக்கும் பெரியது ஒன்று என்று இருக்கும் இரண்டு அளவுகளும், பிரிட்டன் கைவிட்ட 5 ஆம்பியர், 15 ஆம்பியர் சாக்கெட்டுகளின் வாரிசுகள். சிவப்பு, கறுப்பு, பச்சை என்ற நம் வயர் நிறங்களும் அங்கிருந்து வந்தவைதாம். பிரிட்டன் 1970-ஐ ஒட்டிச் சாதனங்களின் வயரைப் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் வரி என்று மாற்றிக்கொண்டது. ஜெர்மனியில் எர்த் வயர் ஒருகாலத்தில் சிவப்பாக இருந்தது. அங்கிருந்து வந்த சாதனத்தை பிரிட்டிஷ் வழக்கப்படி மாட்டினால் மின்சாரம் நேரே உலோக உடலுக்குப் பாயும். நிறக்குருடு உள்ளவர்களில் பலருக்கும் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். இத்தனை காலம் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரே தலைமுறையில் அழித்து எழுத வேண்டியிருந்தது.

ஹாஸ்லெட் 1957-இல் காலமானார். தன் உடலை மின்சாரத்தால் எரியூட்ட வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். அதே ஆண்டில்தான் பிபிசி தொலைக்காட்சியில் வேறொரு ஆசிரியர் வந்து நின்றார்.

பாரி பக்னல் லண்டனில் தந்தையின் கட்டுமான, மின்வேலை நிறுவனத்தில் தொழில் பழகியவர். அவர் வந்த நேரம் அவருக்குச் சாதகமானது. போருக்குப் பின் கட்டட வேலைக்கு உரிமம் வாங்க வேண்டிய கட்டுப்பாடு 1954-இல்தான் நீங்கியது. குண்டுவீச்சில் அதிர்ந்த, பத்து வருடம் பெயின்ட் பார்க்காத வீடுகள் நிறைய இருந்தன. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. 1955-இல் வீட்டு வேலைகளுக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கியது. அடுத்து பக்னலின் நிகழ்ச்சி. நேரடி ஒளிபரப்பு என்பதால் ஒட்டியது ஒட்டாமலும் பொருத்தியது பொருந்தாமலும் போவதை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர் பதற்றப்படாமல் அடுத்த வேலைக்குப் போவார். கைதேர்ந்தவருக்கே இப்படி ஆகும் என்றால் நாமும் முயலலாமே என்ற தைரியத்தை அந்தத் தவறுகளே கொடுத்திருக்க வேண்டும். 1962-இல் பிபிசி லண்டன் ஈலிங் பகுதியில் ஓர் இடிந்த வீட்டை 2,250 பவுண்டுக்கு வாங்கியது. அதை அவர் புதுப்பிப்பதை 39 வாரம் நாடே பார்த்தது. சந்தேகம் கேட்டு வந்த கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன.

பக்னல் மீது பிற்காலத்தார்க்கு ஒரு மனக்குறை உண்டு. விக்டோரியா காலத்துச் செதுக்கு வேலைக் கதவுகளின் மேல் ஹார்ட்போர்டு அடித்துத் தட்டையாக்கச் சொன்னார், மாடிப்படிக் கைப்பிடிகளைப் பலகையால் மூடச் சொன்னார், பழைய கணப்புகளை அடைக்கச் சொன்னார். அது நியாயமான குறைதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கதவின் ஒவ்வொரு பள்ளத்திலும் நிலக்கரித் தூசியைத் துடைத்தவர்களுக்கு அந்தத் தட்டைப் பலகை ஒரு விடுதலை. கேட்டவரின் தேவைக்குப் பதில் சொன்னார் அவர்.

சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவது வீட்டுக்காரர் கைக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். முன்பெல்லாம் டைல்ஸை மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, முதுகில் சிமென்ட் கலவை அப்பி, ஒவ்வொன்றாகத் தட்டி உட்காரவைக்க வேண்டும். அது கொத்தனாரின் கைப்பழக்கம். புத்தகம் படித்து வராது. போருக்குப் பிறகு டப்பாவில் கலந்தே வந்த பசையும், அதைச் சீராகப் பரப்பும் பல்லுள்ள கரண்டியும் எல்லாவற்றையும் மாற்றின. ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஊர்த் தொழிற்சாலைகள் நாலேகால் அங்குலச் சதுர டைல்ஸின் விளிம்பிலேயே சிறு முட்டுகளை வைத்து வார்த்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடைவெளி தானாக அமையும். அந்த ஊர் எச் அண்ட் ஆர் ஜான்சன் நிறுவனம்தான் 1958-இல் இந்தியாவுக்கும் வந்தது. நம்மூரில் குளியலறைச் சுவர் என்றாலே பலர் வாயில் வரும் ஜான்சன் டைல்ஸ் என்ற பெயரின் மூலம் அங்கே இருக்கிறது.

அந்தக் காலத்து இதழ்களும் கைநூல்களும் ஓயாமல் சொன்ன டைல்ஸ் பாடம் ஒன்று உண்டு. தரையிலிருந்தோ குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்தோ தொடங்காதே, அவை மட்டமாக இருக்கும் என்று நம்பாதே. ரசமட்டம் வைத்துச் சுவரில் ஒரு ரீப்பர் கட்டையை ஆணியடித்து, அதன் மேலிருந்து ஒட்டு. காய்ந்த பிறகு கட்டையைக் கழற்றி, அடிவரிசையை அளந்து வெட்டிச் செருகு. முதல் வரிசையில் நூலளவு சாய்ந்தால் பத்தாவது வரிசையில் விரலளவு சாயும். எந்த ஊர்க் கொத்தனாரும் தலையாட்டும் பாடம் இது.

தவறான பாடங்களும் இருந்தன, அவற்றின் விலை பெரிது. கூரை விரிசலை மறைக்கத் தெர்மாகோல் சதுரங்களை ஒட்டுவது 1960களில் மலிவான, பிரபலமான யோசனை. அடுப்புக்கு மேலேயும் ஒட்டினார்கள், அதன்மேல் பளபளப்புப் பெயின்டும் அடித்தார்கள். தீப்பிடித்தால் அவை உருகி எரிந்தபடியே கீழே சொட்டும். அவற்றைக் கழற்றுங்கள் என்று பின்னாளில் மன்றாட வேண்டியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் இன்னும் மோசம். தீப்பிடிக்காது என்பதால் பாய்லருக்குப் பின்னால் அதன் தகட்டை வைத்தார்கள். தரை டைல்ஸிலும் அது கலந்திருந்தது. அறுத்துத் துளைபோட்டு வேலை செய்தவர்கள் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தார்கள். நீல, பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ் வகைகள் 1985-இலும் வெள்ளை வகை 1999-இலும்தான் தடைசெய்யப்பட்டன. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரே நேரத்தில் சொல்லப்படும் யோசனை தவறினால், தவறும் அத்தனை வீடுகளில் தங்கிவிடுகிறது. இன்றும் பழைய வீட்டில் தரையைப் பெயர்க்கும் முன் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வது இதனால்தான்.

குளிர் காயும் கதை வேறு மாதிரி. அதை மாற்றியது ஒரு புகைமூட்டம். 1952 டிசம்பரில் ஐந்து நாள் லண்டனை மூடிய புகையில் சுமார் நாலாயிரம் பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை சொல்கின்றன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையில்லாப் பகுதிகளில் கணப்பை மாற்றுவோருக்குச் செலவில் பத்தில் ஏழு பங்கை அரசும் உள்ளாட்சியும் ஏற்றன. வீட்டை எவ்வளவு சூடாக வைக்கலாம் என்பதற்கே அதுவரை பொதுவான அளவில்லை. 1961-இல் வீட்டுத் தரம் குறித்த பார்க்கர் மோரிஸ் அறிக்கை, வெளியே உறைபனி இருக்கும்போது உட்காரும் அறை 18 டிகிரியும் சமையலறையும் நடைவழியும் 13 டிகிரியும் இருக்க வேண்டும் என்றது. படுக்கையறை அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஜன்னலின் உட்புறத்தில் பனி படிந்த அறையில் கண்விழித்தது அந்தத் தலைமுறையின் பொது நினைவு. 1970களின் தொடக்கத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில்தான் மைய வெப்ப வசதி இருந்தது.

1965-இல் வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. அதுவரை எரிந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த நகர வாயு. அதில் நச்சான கார்பன் மோனாக்சைடு இருந்தது. புதிய வாயுவுக்கு வெப்பம் இரட்டிப்பு, எரிய அதிகக் காற்று வேண்டும், பர்னர் துளைகளின் அளவும் வேறு. ஆகவே 1967 முதல் 1977 வரை பத்து ஆண்டுகளில், ஒன்றேகால் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். முதலில் ஒருவர் வந்து அடுப்பு, ஹீட்டர், கீசர் என்று ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்வார். குறித்த நாளில் தெருவுக்கே வாயுவை நிறுத்திவிட்டு எல்லாப் பர்னர்களையும் மாற்றுவார்கள். ஒரு நாடு முழுவதன் சமையலறைக்குள்ளும் நுழைந்து செய்த மாற்றம் இவ்வளவு பெரிய அளவில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

எரிவாயுவில் மட்டும் அறிவுரை வேறு குரலில் பேசியது: நீ கை வைக்காதே. 1968 மே 16 விடியற்காலை, கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் பதினெட்டாம் தளத்தில் ஒருவர் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தார். அடுப்பு இணைப்பிலிருந்த தரமற்ற பித்தளை நட்டு ஒன்றால் வாயு கசிந்திருந்தது. வெடிப்பில் கட்டடத்தின் ஒரு மூலையே மேலிருந்து கீழ்வரை சரிந்து நால்வர் இறந்தார்கள். 1970-இல் எரிவாயு வேலைக்காரர்களுக்கான பதிவேடு வந்தது. 1991 முதல் அதில் பதிவது கட்டாயமாயிற்று.

மின்சாரத்துக்கு அப்படியொரு கோடு 2005 ஜனவரியில்தான் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் ஒரு சமையலறைச் சுவருக்குள், புதுப்பித்தவர்கள் வயரைக் குறுக்காக, சாய்வாக ஓடவிட்டிருந்தார்கள். பாத்திரம் தொங்கவிடும் உலோகச் சட்டத்தின் திருகு அதில் இறங்கி, சட்டத்தைத் தொட்ட இளம்பெண் இறந்துபோனார். சுவருக்குள் போகும் வயர், பாயின்ட்டுக்கு நேர் மேலாகவோ கீழாகவோ பக்கவாட்டாகவோதான் ஓட வேண்டும் என்ற எளிய விதி அங்கே மீறப்பட்டிருந்தது. 2005-இல் வந்த அந்தக் கட்டட விதிப்படி சமையலறை, குளியலறை வயரிங் வேலைகள் பெரும்பாலானவற்றைப் பதிவுபெற்றவர் செய்ய வேண்டும், இல்லையேல் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றானது. 2013-இல் இங்கிலாந்தில் சமையலறைக்கு இது தளர்த்தப்பட்டது. இந்தத் தளர்வு சரியா என்று எலக்ட்ரீஷியன்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. டைல்ஸுக்குப் பின்னால் வயர் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் துளை போடுகிறவர்கள் இருக்கும்வரை கட்டுப்பாடே மேல் என்று படுகிறது.

பெண்களுக்கான மின்சாரச் சங்கம் 1986-இல் கலைக்கப்பட்டது. பதினேழு ஆண்டுக்கு முன்பே, 1969-இல், சவுதாம்ப்டனில் ரிச்சர்ட் பிளாக், டேவிட் குவெயில் என்ற இருவர் வீட்டு வேலைப் பொருள்களுக்கென ஒரு பெரிய கடையைத் திறந்திருந்தார்கள். இருவர் பெயரின் முதலெழுத்துகளால் பி அண்ட் கியூ என்று அது நாடு முழுக்கப் பரவியது. சந்தேகம் கேட்கும் இடம் கூட்ட அரங்கிலிருந்து கடைக்கு மாறிவிட்டது. இப்போது அந்த வீடுகளுக்கு இன்னொரு மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு வைக்கும் வீட்டுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 முதல் அரசு உதவித்தொகை தருகிறது. 2023 அக்டோபரில் அது 7,500 பவுண்டாக உயர்ந்தது. வெப்பப் பம்பு பொதுவாகத் தண்ணீரைப் பாய்லர் அளவுக்குச் சூடாக்காது. ஆகவே இருக்கிற ரேடியேட்டர் போதுமா, குழாய்களை மாற்ற வேண்டுமா, சுவரில் எவ்வளவு சூடு கசிகிறது, பழைய ஃபியூஸ் பெட்டி தாங்குமா என்று வீட்டுக்காரர்கள் மறுபடியும் ஆள் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.